பேரை விட்டுட்டு ஊரைப் பிடிங்க: ஐரிஷ் குடும்பப் பேரை வரிக் கணக்குல தேடற விதம்

1911 ஏப்ரல் 2, ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு ராத்திரி வீட்ல யார் யார் தங்கறாங்களோ அத்தனை பேர் விவரத்தையும் எழுதிக் குடுக்கணும்னு அயர்லாந்து முழுக்க சென்சஸ் ஃபாரம் வந்திருந்தது. டப்ளினுக்குத் தெக்கால ரத்ஃபார்ன்ஹம்ல செயின்ட் எண்டாஸ்னு ஒரு பள்ளிக்கூடம் நடத்திட்டு இருந்த பேட்ரிக் பியர்ஸ், அதாவது அஞ்சு வருஷம் கழிச்சு பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்காக சுட்டுக் கொல்லப்பட்ட அதே பியர்ஸ், அந்த ஃபாரத்தை ஐரிஷ் மொழியிலயே பூர்த்தி பண்ணினார். அதுல குடும்பப் பேர் மாக் பியரிஷ். 'மாக்'னா மகன்னு அர்த்தம், பார்த்தவுடனே பல நூறு வருஷத்துப் பழைய ஐரிஷ் குலம் போலன்னு தோணும், ஆனா அவரோட அப்பா ஜேம்ஸ் பியர்ஸ் இங்கிலாந்துல இருந்து வேலைக்கு வந்த ஒரு கல் சிற்பி. இங்கிலீஷ் பேருக்கு மகன் ஐரிஷ் உடை போட்டுவிட்டார், அவ்ளோதான்.

இதுக்கு நேர் தலைகீழா நடந்ததுதான் அதிகம். காவன் பக்கம் 'ஸ்மித்'னு இருக்கற பல குடும்பம் இங்கிலாந்துக்காரங்க இல்ல, அவங்க 'மாக் கவன்', கொல்லன் மகன், யாரோ ஒருத்தர் அதை அப்படியே மொழிபெயர்த்து ஸ்மித்னு எழுதிட்டாங்க, அண்ணன் வீட்ல மெக்கவன், தம்பி வீட்ல ஸ்மித்னு கூட ஆகியிருக்கலாம். கால்வே பக்கம் 'மாக் கொன்ரீ' காதுல 'ரீ'ன்னு முடியுது, ஐரிஷ்ல 'ரீ'ன்னா ராஜா, அதனால சில பேருக்கு கிங்னு பேர் ஆயிடுச்சு. பேருக்கு முன்னாடி வர்ற 'ஓ'ங்கறது பேரன், வம்சம்னு சொல்ற சொல், இங்கிலீஷ் ஆட்சி இறுகின 17, 18ம் நூற்றாண்டுல நிறைய குடும்பம் அதைக் கழட்டிட்டாங்க. ஓ'சல்லிவன் சல்லிவன் ஆனார், ஓ'கானர் கானர் ஆனார், அப்புறம் 1893ல ஐரிஷ் மொழியை வளர்க்க கேலிக் லீக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்ச காலத்துல மொழிப்பற்று பரவினப்போ பேரன்மார் அந்த 'ஓ'வைத் திரும்ப மாட்டிக்கிட்டாங்க.

அதனால அமெரிக்காலயோ ஆஸ்திரேலியாலயோ இருக்கற ஒருத்தர் "எங்க கொள்ளுத்தாத்தா பேர் ஜான் சல்லிவன், அயர்லாந்துல இருந்து வந்தவர்"னு மட்டும் வெச்சுக்கிட்டு தேட ஆரம்பிச்சா கதவு திறக்காது. 1890ல பதிவான பிறப்புகளை வெச்சு ராபர்ட் மாத்தேசன்ங்கற பதிவுத்துறை அதிகாரி ஒரு கணக்கு போட்டார், நாட்டுல மர்ஃபி மட்டும் சுமார் 62,600 பேர், கெல்லி 55,900, சல்லிவன் 43,600. அதுல எத்தனை ஜான் இருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.

கம்ப்யூட்டர்ல தேடினா தீர்ந்துடும்னு நினைக்க வேண்டாம். ஒரே மாதிரி ஒலிக்கற பேரை எல்லாம் ஒரே கட்டுல போடறதுக்கு சவுண்டெக்ஸ்னு ஒரு முறை இருக்கு, 1918ல அமெரிக்காவுல பேட்டண்ட் ஆனது, முதல் எழுத்தை அப்படியே வெச்சுட்டு மிச்ச மெய்யெழுத்துகளை நம்பரா மாத்தும். ரைலி போட்டா ஆர்-400 வரும், ஓ'ரைலி போட்டா ஓ-640. ஒரே குடும்பம்தான், ஆனா முன்னாடி ஒரு 'ஓ' ஒட்டினதால ரெண்டும் வேற வேற மூலைக்குப் போயிடுது. கார்னிங்கற பேரை சி போட்டும் எழுதுவாங்க, கே போட்டும் எழுதுவாங்க, நம்பர் ரெண்டுக்கும் 650தான், முதல் எழுத்து மட்டும் வேற, அதனால ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு வராது. அதனால அனுபவப்பட்டவங்க பேரை பத்து விதமா எழுதித் தேடுவாங்க, அதைவிட முக்கியமா பேரை விட்டுட்டு ஊரைத் தேடுவாங்க.

ஊர்னா இங்க டவுன்லேண்ட். பேர்ல டவுன் இருந்தாலும் நகரம் கிடையாது, சில நூறு ஏக்கர் வர்ற ஒரு நிலத்துண்டு, அயர்லாந்து முழுக்க 60,000க்கும் மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனிப்பேர். அதுக்கு மேல சிவில் பாரிஷ், அதுக்கு மேல பேரனி, அப்புறம் கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. பேர் உருமாறிக்கிட்டே இருக்கும், டவுன்லேண்ட் நகராது. ஒரு குடும்பத்தோட டவுன்லேண்ட் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுதுன்னு சொல்றது மிகையில்ல.

சரி, சென்சஸ் இருக்கே, நேரா அதைப் பார்த்தா என்ன? இங்கதான் வயித்தெரிச்சல். 1821ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்கா எடுத்தாங்க. 1861, 1871 ஃபாரங்களை எண்ணிக்கை எடுத்து முடிச்ச கையோட அரசாங்கமே அழிச்சுடுச்சு. 1881, 1891 ஃபாரங்கள் முதல் உலகப்போர் சமயத்துல காகிதக் கூழாப் போச்சு. மிச்சம் இருந்த 1821, 31, 41, 51 நாலும் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்துல பப்ளிக் ரெக்கார்ட் ஆஃபீஸ்ல இருந்தது, உள்நாட்டுப் போர் தொடங்கி ரெண்டு நாள்ல, 1922 ஜூன் 30 அன்னிக்கு அங்க நடந்த வெடிப்புலயும் தீயிலயும் சில துண்டுகள் தவிர எல்லாம் போயிடுச்சு. 1921ல சென்சஸ் எடுக்கவே இல்ல, விடுதலைப் போர் நடந்துட்டு இருந்தது. ஆக நாடு முழுக்க முழுசா மிஞ்சின பழைய சென்சஸ் 1901ம் 1911ம்தான். ரெண்டும் ஐரிஷ் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் சைட்ல இலவசமா பார்க்கலாம், அதுவும் குடும்பத்தலைவர் கைப்பட எழுதின அசல் ஃபாரம், கையெழுத்து தெரியாதவங்க போட்ட கீறல் வரைக்கும் கண்ணால பார்க்கலாம்.

1901க்கு முன்னாடி போகணும்னா வரிக் கணக்குதான் கதி. சாமானிய மனுஷனைப் பத்தி எழுதி வைக்க அந்தக் காலத்துல யாரும் மெனக்கெடல, ஆனா அவன்கிட்ட இருந்து காசு வாங்கணும்னா பேர் வேணும், ஊர் வேணும், எவ்ளோ நிலம்னு வேணும்.

முக்கியமானது ரெண்டு. ஒண்ணு டைத் அப்ளாட்மென்ட் புக்ஸ், 1823ல இருந்து 1837 வரைக்கும் பாரிஷ் பாரிஷா எழுதினது. டைத்னா விளைச்சல்ல பத்துல ஒரு பங்குன்னு பேர் சொல்லி, புராட்டஸ்டன்ட் சர்ச்சான சர்ச் ஆஃப் அயர்லாந்துக்குக் கட்ட வேண்டிய வரி, ஜனங்கள்ல பெரும்பாலானவங்க கத்தோலிக்கர், தங்களோடது இல்லாத சர்ச்சுக்கு அவங்களும் கட்டணும். 1831ல இதை எதிர்த்து டைத் வார்னே ஒரு கலவரம் வெடிச்சது, கட்ட மாட்டேன்னு நின்னவங்க பேரை அந்த சர்ச் பாதிரியார்கள் தனியா லிஸ்ட் போட்டு அரசாங்கத்துகிட்ட நஷ்டஈடு கேட்டாங்க, அந்த லிஸ்டும் இன்னிக்கு ஒரு பொக்கிஷம். இந்த புக்ல நிலம் வெச்சிருந்தவங்க பேர் மட்டும்தான் இருக்கும், நகரத்துக்காரங்க, நிலமே இல்லாத கூலிக்காரங்க இருக்க மாட்டாங்க.

ரெண்டாவது கிரிஃபித்ஸ் வேல்யுவேஷன். ரிச்சர்ட் கிரிஃபித்ங்கற நிலவியலாளர் தலைமையில 1847ல இருந்து 1864 வரைக்கும் நாட்டுல இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் வயலுக்கும் ஆண்டு மதிப்பு போட்டாங்க, ஏழைகள் நிவாரணத்துக்கு வாங்கற வரியை அதை வெச்சு நிர்ணயிக்கறதுக்கு. சுமார் பத்து லட்சம் பேர் அதுல இருக்காங்க. ஒரு வரியை எப்படி படிக்கறதுன்னு சொல்றேன். இடது ஓரத்துல மேப் நம்பர், அடுத்து குடியிருக்கறவர் பேர், அடுத்து அவருக்கு நேரடியா குத்தகைக்கு விட்டவர் பேர், அப்புறம் 'வீடு, கொட்டகை, நிலம்'னு விவரம், ஏக்கர் கணக்கு, கடைசியில நிலத்துக்கு எவ்ளோ, கட்டடத்துக்கு எவ்ளோன்னு பவுண்டு ஷில்லிங் பென்ஸ். அந்த மேப் நம்பரை ஆஸ்க் அபௌட் அயர்லாந்து சைட்ல இருக்கற பழைய வரைபடத்துல வெச்சுப் பார்த்தா எந்த வயலோரம் அந்த வீடு இருந்ததுன்னே தெரியும். மேற்கு மாவட்டங்கள்ல சில பக்கம் நாலஞ்சு பேரை ஒரு வளைகோடு போட்டு சேர்த்திருப்பாங்க, எதிர்ல ஒரே ஒரு ஏக்கர் கணக்கு. ரண்டேல்னு சொல்ற கூட்டுப் பயிர் முறை அது, நிலம் பொது, பல சமயம் அத்தனை பேருக்கும் குடும்பப் பேரும் ஒண்ணு, பெரும்பாலும் பங்காளிங்க.

ஒரே டவுன்லேண்ட்ல ரெண்டு ஜான் சல்லிவன் இருந்தா வரிக்காரருக்கும் குழப்பம்தானே. அதனால பேர் பக்கத்துலயே அப்பா பேரையோ தொழிலையோ 'ரோ'ன்னு செம்பட்டை முடியையோ அடையாளமா எழுதி வெச்சாங்க. ஜான் சல்லிவன் பக்கத்துல மைக்கேல்னு இருந்தா அது பெரும்பாலும் அவரோட அப்பா பேர். ஒரு தலைமுறை சும்மா கிடைச்ச மாதிரி!

ஒரு இடத்துல நிறைய பேர் சறுக்கறாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். டைத் புக்ல பல பாரிஷ் ஐரிஷ் ஏக்கர்ல எழுதியிருக்கு, கிரிஃபித் எழுதினது சட்டப்படியான ஏக்கர், இன்னிக்கு நாம சொல்ற அதே ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் சுமார் 1.62 ஏக்கர். 1830ல 10 ஏக்கர் இருந்த குடும்பம் 1852ல 16 ஏக்கர்னு தெரிஞ்சா பஞ்சத்துல பக்கத்து நிலத்தை வாங்கிட்டாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, அதே நிலமாவே இருக்கலாம். ரெண்டு கணக்குக்கும் நடுவுலதான் 1845ல உருளைக்கிழங்கு அழுகி பெரும் பஞ்சம் வந்தது, சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதே அளவு கப்பலேறினாங்க. டைத்ல இருந்து கிரிஃபித்ல காணாமப் போன பேர்களை ஒரு பாரிஷுக்கு வரிசையா எழுதிப் பார்த்தேன்னா எனக்கு அதுக்கு மேல படிக்க முடியாது.

கிரிஃபித்துக்கு அப்புறமும் அதிகாரிங்க அப்பப்போ போய் திருத்தினாங்க. கேன்சல்டு புக்ஸ்னு பேர், பழைய பேரை கலர் மையில அடிச்சுட்டு புதுப் பேர் எழுதி அதே கலர்ல வருஷம் போடுவாங்க. அப்பா பேர் அடிபட்டு அம்மா பேர் வந்தா அந்த வருஷத்தை ஒட்டி அப்பா இறந்திருக்கலாம், அம்மா பேர் அடிபட்டு மகன் பேர் வரும், சில வரியில எல்லாத்தையும் அடிச்சுட்டு வீடு இடிஞ்சதுன்னு மட்டும் இருக்கும். இதுலயே 1901 சென்சஸ் வரைக்கும் சங்கிலி கோத்துடலாம்.

இன்னும் பின்னாடி போனா ஆள் தெரியாது, பேரோட ஊர் தெரியும். 1662 சட்டப்படி ஒரு அடுப்புக்கு ரெண்டு ஷில்லிங் வரி, அந்த அடுப்பு வரிப் பட்டியல் சில கவுண்டிக்கு நகலா மிஞ்சியிருக்கு. 1659 சென்சஸ்னு சொல்றது உண்மையில தலைவரி சம்பந்தப்பட்டதுன்னு கருதறாங்க, அதுல பேரனி பேரனியா அதிகம் இருக்கற ஐரிஷ் பேர் எது, எத்தனைன்னு போட்டிருக்கு. அதை வெச்சு ஒரு பேரோட மண் எதுன்னு கணிக்கலாம். அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போற ஒய் குரோமோசோமும் குடும்பப் பேர் மாதிரியே பயணம் பண்றதால, 2006ல டப்ளின் ட்ரினிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, சில பேர்கள்ல பெரும்பாலானவங்க ஒரே மூதாதையர் வழி, சில பேர்கள் பல இடத்துல தனித்தனியா முளைச்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆவணம் வரி வாங்கினது இல்ல, காசு குடுத்தது. 1908ல முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது, 1909 ஜனவரி 1ல இருந்து 70 வயசானவங்களுக்கு வாரம் அஞ்சு ஷில்லிங். ஆனா அயர்லாந்துல எல்லாருக்கும் பிறப்புப் பதிவு 1864லதான் ஆரம்பிச்சது, 70 வயசுன்னு எப்படி நிரூபிக்கறது? 1839 ஜனவரி 6 ராத்திரி அடிச்ச பெருங்காத்து நினைவிருக்குன்னு சொன்னவங்க ஏராளம். 1901லயும் 1911லயும் ஒரே ஆளைப் பார்த்தா சில சமயம் பத்து வருஷத்துல பதினஞ்சு வயசு கூடியிருக்கும், பென்ஷனுக்காக வயசைக் கூட்டிச் சொன்னதும் ஒரு காரணம், அதனால சென்சஸ் வயசை அப்படியே நம்பிடாதீங்க.

சாட்சி வேணும்னு 1841, 1851 சென்சஸ் புத்தகங்கள்ல தேடச் சொல்லி மனு போட்டாங்க. மனுவுல அப்பா பேர், அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர், அந்த வருஷம் குடும்பம் இருந்த டவுன்லேண்ட், பாரிஷ், கவுண்டி எல்லாம் சொல்லணும். ஆஃபீஸ்ல ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, குழந்தையா இருந்த அந்த ஆளோட வயசையும் சில சமயம் கூடப் பொறந்தவங்க பேரையும் மனுவுலயே குறிச்சுக் குடுப்பார், கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு எழுதுவார். 1922ல சென்சஸ் புத்தகங்கள் எரிஞ்சுது, இந்த மனுக்கள் தப்பிச்சுது. நேஷனல் ஆர்க்கைவ்ஸ் அதையும் ஆன்லைன்ல போட்டிருக்கு. தேடற பேர் வரலேன்னா டவுன்லேண்ட் பேரைப் போட்டு, அந்த ஊர்ல மனு போட்டவங்க யார் யார்னு பாருங்க.