கீரை ஆய்வதும் பாடம்தான்

போன கத்திரி வெயிலில், பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா தன் ஏழு வயது மகனை அழைத்து வந்தார். ஆட்டிசம் உள்ள பையன். அம்மாவின் தோள்பையில் எழுத்துப் பயிற்சித் தாள்கள், வண்ணம் தீட்டும் தாள்கள், ஆன்லைனில் வாங்கிய மணி கோக்கும் பெட்டி. பள்ளிக்கூடத்தில் "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மேஜையில் உட்காரவைத்துப் பாடம். பத்தாவது நிமிடம் பென்சில் பறக்கும், அப்புறம் இருவரும் அழுவார்கள். "எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலை மேடம்" என்றார்.

பிள்ளைகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கும் நான் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வீட்டை வகுப்பறையாக்க வேண்டும் என்று மட்டும் யாரோ அவரை நம்பவைத்துவிட்டார்கள்.

தெரபிஸ்டிடம் வாரம் மூன்று செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி 15 நிமிடம். வாரத்துக்கு 168 மணி நேரம். மிச்சமெல்லாம் பெரும்பாலும் உங்கள் வீட்டில்தான் கழிகிறது. அதையும் பயிற்சியாக மாற்றினால் பிள்ளையும் தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள். வீட்டில் எப்படியும் நடக்கிற வேலையில் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுங்கள், அது போதும்.

தாள்களை ஒரு மாதம் பரணில் போடச் சொன்னேன். முருங்கைக்கீரை உருவும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து கிள்ளுகின்றன. பென்சில் பிடிக்கவும் அந்தப் பிடிதான் வேண்டும். பூண்டு உரிக்கையில் ஒரு கை பிடிக்கிறது, மறு கை உரிக்கிறது. சப்பாத்தி மாவு பிசைந்தால் உள்ளங்கையிலிருந்து தோள் வரை பலம் ஏறும். கால் வாளித் தண்ணீர் தூக்குவது, அரிசி மூட்டையைத் தள்ளுவது போன்ற கனமான வேலைகள் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் தருகின்றன. ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் பலர் அதற்குப் பிறகு சற்று அடங்கி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன், உங்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல்லாங்குழியும் அருமையான விளையாட்டு. ஆனால் கையில் கிடைத்ததை வாயிலோ மூக்கிலோ போடும் பிள்ளை என்றால் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டவே வேண்டாம்.

எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசிப் படியிலிருந்து ஆரம்பியுங்கள். கால்சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு காலையும் நுழைத்து இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை நீங்களே ஏற்றிவிடுங்கள். கடைசி இழுப்பு மட்டும் அவனுடையது. அது கைவந்ததும் தொடையிலிருந்து இழுக்கட்டும், பிறகு முழங்காலிலிருந்து. முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியிலேயே தோற்றுப்போய் நிற்கும், மீதியை நாம் அவசரமாக முடித்துவிடுவோம். கடைசியிலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவன்தான். தட்டு கழுவுவது, படுக்கை சுருட்டுவது, செருப்பு மாட்டுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

அப்புறம், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம் வீடுகளில் பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் பாட்டி தம்ளரை நீட்டிவிடுவார், பாசம்தான். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் எத்தனையோ முதல் சொற்கள் வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பேச்சு வராத, மூளை முடக்குவாதத்தால் உடல் அசைவு கட்டுக்குள் வராத பிள்ளையிடமும் கேட்கலாம். ஒரு கையில் இட்லி, மறு கையில் தோசை. கண் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் பதில். அதற்கு முன் பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே பிள்ளையின் தெம்பெல்லாம் போய்விடும். பழைய செய்தித்தாள் கட்டை இறுக்கிக் கட்டிக் காலடியில் வையுங்கள்.

குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் அலறும் பிள்ளையை "பழகிடும்" என்று அடுப்படியில் நிறுத்தாதீர்கள். அவனுக்கு அது உண்மையாகவே வலிக்கலாம். முன்கூட்டியே சொல்லுங்கள், தூரத்து அறைக்குப் போக விடுங்கள். காதை மூடிக்கொள்வதைத் தடுக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பள்ளி சொன்னதால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பல்வகைக் குறைபாடோ (ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள்) தீவிரக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்தெடுக்க உரிமை தருகிறது. தேர்ந்தெடுப்பது குடும்பம், பள்ளி அதைத் திணிக்க முடியாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. வீட்டில் படிப்பவர்கள் 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்று சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கே அது தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பெரம்பூர் அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, என்ன செய்தான், எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன். மூன்றாவது வாரம் இருவரும் உட்கார்ந்து படித்தோம். "கீரை 4 நிமிஷம், எழுந்துட்டான்." "கீரை 5 நிமிஷம்." ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் "கீரை 17 நிமிஷம்". அன்று தெருவில் தண்ணி லாரி வந்திருக்கிறது. அம்மாவோடு சேர்ந்து ஆறு நடை சின்ன வாளி தூக்கியிருக்கிறான். மறுநாளிலிருந்து வாளி முதலில், கீரை அப்புறம் என்று மாற்றிக்கொண்டோம்.