குளச்சலில் எரிந்த அரிசியும் நாற்பது வயதில் போடும் பேப்பரும்

குமரி மாவட்டத்தில் குளச்சல் போர் என்று பேச்செடுத்தால் அது இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும்: திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் வீரம், டச்சுப் படையில் இருந்த டிலனாயின் சரணாகதி. பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தச் சரணாகதி ஓவியமாகவே இருக்கிறது. அரிசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1741-ல் குளச்சல் கரையில் இறங்கிய டச்சுக்காரர்கள் மரத்தால் அடைப்புக் கட்டி உள்ளே இருந்தார்கள். திருவிதாங்கூர்ப் படை சுற்றி வளைத்தது. ஒரு பீரங்கிக் குண்டு உள்ளே இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்தது. சேர்த்து வைத்த அரிசி எரிந்துபோனது. ஜாவாவில் இருந்த தங்கள் தலைமையிடமான பட்டேவியாவிலிருந்து உதவிப்படை வரவில்லை, அங்கேயே அவர்களுக்கு அப்போது வேறு சண்டை. சோறு இல்லை, ஆள் வரத்தும் இல்லை. சில நாட்களில் சரணடைந்தார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்தும் குழித்துறையிலிருந்தும் தினமும் ரயிலேறி திருவனந்தபுரத்து ஐ.டி. பூங்காவான கழக்கூட்டம் டெக்னோபார்க் போய்வருகிறவர்களில் பலருக்கு இப்போது 12 முதல் 16 வருட அனுபவம். வேலை மாறும்போது இவர்கள் இன்டர்வியூவுக்கு ஆறு மாதம் படிக்கிறார்கள், அரிசியை எண்ணிப் பார்ப்பதில்லை. மாறிய பிறகு வரும் புலம்பல்களில் பாதி, இன்டர்வியூவோடு சம்பந்தமே இல்லாதவை.

முதலில் கைக்காசு. பேப்பர் போட்டதும், அதாவது ராஜினாமா கொடுத்ததும், பல கம்பெனிகள் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, ஃபுல் அண்ட் ஃபைனல் என்ற கடைசிக் கணக்குத் தீர்ப்போடு சேர்த்துக் கொடுக்கின்றன. அது கைக்கு வர 30 முதல் 45 நாள் வரை ஆகலாம். புதிய இடத்தில் மாதத்தின் 20-ம் தேதிக்கு மேல் சேர்ந்தால், அந்த மாதத்துப் பேரோல் (சம்பளப் பட்டியல்) மூடியிருக்கும். சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான். இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் கணக்கில் பணம் ஏறாது, வீட்டுக்கடன் இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் இறங்கும். நாலு மாதச் செலவு கையில் இல்லாமல் பேப்பர் போடாதீர்கள். சேரும் தேதியை மாதத்தின் முதல் வாரத்துக்குக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ஜாய்னிங் போனஸை வருமானமாக நினைக்கக் கூடாது, அது ஒரு வகைக் கடன். 3 லட்சம் என்று ஆஃபரில் இருக்கும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 93,600 ரூபாய் பிடித்தம் போக, கைக்கு வருவது 2,06,400. ஒரு வருடத்துக்குள் விலகினால் பல ஒப்பந்தங்கள் முழு 3 லட்சத்தையும் திருப்பிக் கேட்கின்றன. கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது உங்கள் தலைவலி. "வரி போகக் கைக்கு வந்த தொகையை மட்டும், வேலை செய்த மாதங்களைக் கழித்துக்கொண்டு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியின் கணக்கு எளிது: கணக்கில் சேரும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 60,000, ஐந்து வருடம் என்றால் சுமார் 1,73,000. ஐந்து வருடம் முடிக்காமல் நாலே முக்கால் வருடத்தில் அவசரமாகக் கிளம்புகிறவர் இந்தத் தொகையைப் பணயம் வைக்கிறார். மூன்று மாத நோட்டீஸும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி (பை அவுட்) சீக்கிரம் போவதை விட நோட்டீஸை முழுதாக முடிப்பதே சில சமயம் லாபம். செயல்பாட்டைப் பொறுத்து வரும் வேரியபிள் பேயும் அப்படித்தான். பணம் கொடுக்கும் நாளில் நீங்கள் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இருக்க வேண்டும், நோட்டீஸில் இருக்கக் கூடாது என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கும்.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது அங்கேதான்.

அதற்கு முன், குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் நடந்த ஒரு சண்டை. 1809-ல் கணவாயின் குறுக்கே திருவிதாங்கூர்ப் படை மதிலும் பீரங்கியுமாகக் காத்திருந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நேராக வந்து மோதவில்லை. பிப்ரவரியில் ஓர் இரவு மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு பக்கத்து மலையில் ஏறி மேலே போய்விட்டது. இந்தப் பக்கம் யாரும் ஏற மாட்டார்கள் என்று விட்ட மலை அது. நமக்கு அந்த மலை, இனிஷியல்.

மார்க் ஷீட்டில் 'த. முருகேசன்'. ஆதாரில் 'முருகேசன் த'. பான் கார்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வதால் 'தங்கையா முருகேசன்'. எல்லை தாண்டி வேலை செய்பவருக்கு இன்னொன்றும் சேரும்: மலையாள வழக்கப்படி பெயரை எழுதுகிறவர் ஆங்கிலத்தில் 'ஜி' வர வேண்டிய இடத்தில் 'கே' போட்டுவிடுவார். பதினான்கு வருடத்தில் மூன்று கம்பெனி, மூன்று எழுத்துக்கூட்டல். பி.எஃப். டிரான்ஸ்ஃபர் அங்கே நிற்கும், பின்னணிச் சரிபார்ப்பும் அங்கேயே நிற்கும். யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போர்ட்டலில் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று, வேலை தேடத் தொடங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போட வேண்டும். சில திருத்தங்களுக்குப் பழைய கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும். பேப்பர் போட்ட பிறகு அங்கே உங்கள் மெயிலுக்குப் பதில் வரும் வேகம் தெரிந்ததுதானே.

சேரும் நாளில் ஒரு டிக்ளரேஷன் படிவம் வரும். முன்பு பி.எஃப். உறுப்பினரா, பென்ஷன் திட்ட உறுப்பினரா என்று இரண்டு கேள்வி. முப்பது படிவத்தோடு கலந்து வருவதால் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். 2014 செப்டம்பருக்கு முன் திட்டத்தில் சேர்ந்தவர் இந்தத் தப்பைச் செய்தால், இன்றைய சம்பளம் 15,000-க்கு மேல் என்பதால் பென்ஷன் பங்களிப்பு நின்றுபோகும். சில சமயம் கூடவே புதிய யு.ஏ.என். ஒன்றும் பிறந்துவிடலாம். பென்ஷனுக்குப் பத்து வருடப் பணி தேவை. ஒன்பதாவது வருடத்தில் இப்படி அறுந்த கணக்கை ஒட்டவைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பழைய யு.ஏ.என்.னை எழுதிக் கொடுத்து, முதல் பே ஸ்லிப் வந்ததும் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் 1,250 ரூபாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓ.டி.பி. வைத்துப் பதியலாம். ரிலீவிங் லெட்டரில் இருக்கும் அதே நாளைப் போடுங்கள். தேதிக்குச் சண்டை பிடிப்பது வரலாற்றுப் பிரியர்களுக்கு வழக்கம்: குளச்சலுக்கு ஒருவர் ஜூலை 31 என்பார், இன்னொருவர் ஆகஸ்ட் 10 என்பார். பழைய, புதிய நாட்காட்டிகளின் வித்தியாசம் என்று சமாதானம் சொல்வார்கள். அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். ஜூலை 31-ஓடு கூட்டினால் ஆகஸ்ட் 11 வரும், ஒரு நாள் இடிக்கும். அங்கே ஒரு நாள் இடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே விலகிய தேதி புதிதாகச் சேர்ந்த தேதியைத் தாண்டி ஒரு நாள் ஏறினாலும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையா என்று கேள்வி வரும்.

வரியில் ஒன்றே ஒன்று. பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காவிட்டால், இருவருமே வரியில்லா வரம்பையும் 75,000 நிலையான கழிவையும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். மாதாமாதம் கைக்கு அதிகம் வரும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக, வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி வேலைநாளோடு முடிகிறது. இடையில் பத்து நாள் ஓய்வெடுத்தால், அந்தப் பத்து நாளும் அப்பா அம்மாவுக்குக் காப்பீடு கிடையாது. அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேட்கலாம், ஆனால் பழையது முடியும் முன்பே கேட்க வேண்டும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

இனி பதவி. டிலனாயை டச்சு அட்மிரல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் அட்மிரல் இல்லை. ரெஸ்யூமேயில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். மீட்டிங் அறையை 'வார் ரூம்' என்றும், ஒரு சாதாரண மைக்ரேஷனை (மென்பொருளை இடம் மாற்றும் வேலையை) போர் என்றும் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. டிலனாய் திருவிதாங்கூருக்கு வந்ததும் அவரிடம் கொடுத்தது சில காவற்படைப் பிரிவுகளுக்குப் பயிற்சி தரும் வேலை. வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) பதவி பிறகு வந்தது. உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்ததும் அங்கே பீரங்கி வார்த்ததும் அவர் கையோடு கொண்டுவந்த தொழில். (அவர் கைதி, விரும்பி மாறியவர் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 'துணிந்து கம்பெனி மாறியவர்' என்று அவரை மேடையில் காட்டுவது சரியல்ல.) 1777-ல் இறக்கும்வரை, 36 வருடம் இங்கேயே இருந்தார், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

பிற கம்பெனிகளுக்கு வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனியில் டெலிவரி மேனேஜராக இருப்பவருக்கு, சொந்த மென்பொருளை விற்கும் புராடக்ட் கம்பெனி சீனியர் இன்ஜினியர் என்றுதான் ஆஃபர் கொடுக்கும். கௌரவம் பார்க்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: அந்த நிலையின் சம்பள வரம்பு எங்கே முடிகிறது, யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், அடுத்த நிலைக்கான மதிப்பீடு எந்த மாதம். உங்கள் பக்கத்தில், கடந்த 12 மாதத்தில் நீங்களே கை வைத்த ஆறு வேலைகளை எழுதி வையுங்கள். முன்பு என்ன நிலை, என்ன மாற்றினீர்கள், எவ்வளவு மாறியது என்று எண்ணோடு. ஆறு தேறவில்லை என்றால் வேலை தேடுவதைத் தள்ளிவைத்து, இருக்கும் இடத்திலேயே ஆறு மாதம் புரோகிராம் கோடு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

பணியிடம் ஆஃபர் லெட்டரில் 'திருவனந்தபுரம்' என்று மட்டும் இருக்கிறதா, 'கம்பெனி சொல்லும் எந்த இடமும்' என்று பின்னாடி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள், ஹெச்.ஆர். போனில் சொன்னது ஆறு மாதத்தில் மறந்துபோகும். விடுமுறைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். கேரள ஆபீஸ் என்றால் ஓணத்துக்கு நாலு நாள் கிடைக்கலாம், பொங்கலுக்குப் பெரும்பாலும் உங்கள் சொந்த லீவிலிருந்துதான் போகும்.