மெஷின் வரும், ஃபில்டர் வராது

கொவிட் காலத்தில் நன்கொடையாக வந்த, காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்துத் தரும் ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர் ஒன்று உங்கள் தோட்ட ஆஸ்பத்திரி மூலையில் துணி போர்த்தி நிற்கிறதா? ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரையும். மீட்டரில் உள்ள சிறு உருண்டை 5 லீட்டரில் மிதக்கும். ஆனால் குழாயில் வருவது வெறும் காற்றாகவே இருக்கலாம்.

மெஷினுக்குள் இருக்கும் சியோலைட் மணிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒக்சிஜனை வெளியே விடுகின்றன. ஈரம் பட்டால் அவை கெட்டுப்போகும். ஹட்டன், நுவரெலியா மூடுபனியில் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம். மீட்டர் காட்டுவது எவ்வளவு காற்றுப் போகிறது என்பதை மட்டுமே. அதில் ஒக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்ல அனலைசர் வேண்டும். நல்ல மெஷினில் 90க்கு மேல் வரும். 82க்குக் கீழே இறங்கினால் நோயாளிக்கு வைக்கக் கூடாது. நன்கொடைப் பெட்டிக்குள் அனலைசரும் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

பின்பக்க ஸ்பொஞ்ச் ஃபில்டரைக் கிழமைக்கு ஒருமுறை கழுவி, முற்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் இங்கே இரண்டு நாளானாலும் அது பிசுபிசுக்கும். அவசரத்துக்கு ஈரத்தோடு மாட்டினால், மணிகளுக்கு நாமே தண்ணீர் காட்டுகிறோம். ஆகவே மெஷின் ஒன்றுக்கு இரண்டு ஃபில்டராவது வேண்டும். விலை அற்பம்தான். ஆனால் அதை வாங்க எந்தக் கணக்கில் காசு இருக்கிறது?

சிக்கலின் வேர் இங்கேதான். வெளிநாட்டு உதவி பெரும்பாலும் மூலதனச் செலவினத்துக்கு வரும்: கட்டடம், மெஷின், பெயர்ப்பலகை. ஃபில்டர், மின்கட்டணம், சம்பளம் எல்லாம் மீண்டெழும் செலவினம், அதாவது திரும்பத் திரும்ப வரும் செலவு. ஹட்டனுக்கு அருகிலுள்ள டிக்கோயா வைத்தியசாலையின் 150 கட்டில் கட்டடம் இந்திய நன்கொடை. 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்யும் டாக்டருக்கும் தாதிக்கும் சம்பளம் கொடுப்பது நமது அரசாங்கம். அதுதான் முறையும்கூட. ஆனால் புதிய பதவிகளுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் கேடர் (ஆளணி) அனுமதி வேண்டும். அடிக்கல் நாட்டும்போதே அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்காவிட்டால், திறப்புவிழா முடிந்தும் வார்ட் பூட்டியே கிடக்கும்.

வெளிநாட்டுத் திட்டப் பணத்தில் ஆள் வைப்பது இன்னும் ஆபத்து. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் சுகாதாரப் பணியாளர்கள் ஒரே இரவில் வேலை இழந்தார்கள்.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2008இல், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் கவி (Gavi) அமைப்பின் உதவியுடன், ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் தடுப்பூசி இலங்கைக்கு வந்தது. அந்த ஏற்பாட்டில் நாடு தன் பங்கைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். உதவி ஒருநாள் முடியும் என்பது முதல் நாளே பேசப்பட்டுவிடுகிறது.

தோட்டங்களில் இன்னொரு முடிச்சு. டிஸ்பென்சரி கம்பனியுடையது என்றால், அங்கே இறங்கும் மெஷின் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பதிவேட்டில் ஏறாமலே போகலாம். பழுதானால் அரசாங்க டெக்னீஷியன் எந்தப் பதிவை வைத்து வருவார்? தோட்டத்தை நடத்தும் துரையோ "அது நன்கொடைச் சாமான்" என்பார். மெஷினை ஏற்கும் அன்றே, பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

நன்கொடையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: கொழும்பில் ஏஜென்ட் உண்டா, மூன்று வருட உதிரிப்பாகம் சேர்த்து வருமா, தமிழிலும் சிங்களத்திலும் கையேடு உண்டா, இரண்டு பேருக்காவது பயிற்சி கிடைக்குமா. ஒருவருக்கு மட்டும் பழக்கினால், அவருக்கு இடமாற்றம் வந்த மறுநாள் மெஷினுக்கு மறுபடியும் துணி போர்த்த வேண்டியதுதான். பெட்டியின் லேபலையும் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இல்லாமல் 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள்.