எட்டுக் கோர் இருந்தும் ஏன் இழுக்கிறது?

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன் நான். போன மாரி காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் நிரல் கைக்கு வந்தது. பதிவுக் கோப்புகளைப் படித்து எண்ணுவது மட்டும்தான் அதன் வேலை. மெஷினில் எட்டுக் கோர், அதாவது தனித்தனியாகக் கணிக்கும் எட்டு மூளைகள். ஆனாலும் ஒரு த்ரெட்டில், அதாவது ஒரே ஓட்டமாக, ஓடியதைவிட எட்டு த்ரெட்டில் மெதுவாக ஓடியது. "இன்னும் பெரிய மெஷின் எடுப்போமா?" என்று கேட்டார்கள். எடுத்திருந்தால் காசுதான் கரைந்திருக்கும்.

ஒரு த்ரெட் மற்றதைக் காக்க வைக்கும் பூட்டு எதுவும் நிரலில் இல்லை. த்ரெட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி எண்ணிகள். பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் எட்டு எண்ணிகளும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்று 8 பைட், எட்டும் சேர்ந்தால் 64. இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு கேச் வரியின், அதாவது கேச் ஒரே தடவையில் தூக்கும் துண்டின், அளவும் அதே 64 பைட்தான்.

கேச், அதாவது பள்ளிக்கூடத்தில் படித்த பதுக்கு நினைவகம், கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். அது ஒவ்வொரு கோருக்கும் தனியாக உண்டு. சந்தைப் பக்கத்துக் கடையொன்றை நினையுங்கள். இரண்டு கோர் மாதிரி அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மேசையில், கேச் வரி மாதிரி கடன் கொப்பியின் ஒரே தாளுக்கு ஆளுக்கொரு பிரதி. வாசிக்கும் மட்டும் சண்டையில்லை. தம்பி எழுதப் போனால், "அண்ணா, உங்கட தாளைக் கிழிச்சுப் போடுங்க" என்று முதலில் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு எழுத வேண்டி வந்தால் தம்பியின் தாளை வாங்க வேண்டும். ஒருவர் எழுதுவது தேங்காய்க் கணக்கு, மற்றவர் எழுதுவது ஐஸ் கணக்கு. சம்பந்தமே இல்லை, ஆனாலும் தாள் ஒன்று என்பதால் இழுபறி. இதைத்தான் பொய்ப் பகிர்வு என்கிறோம்.

இந்தத் தாள் விவகாரத்துக்கு 1984இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மெசி (MESI) நெறிமுறையில் ஒரு கேச் வரிக்கு நான்கு நிலைகள், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்: மாற்றியது, தனியானது, பகிர்ந்தது, செல்லாதது. எனக்குப் பிடித்தது 'தனியானது'. வேறு யாரிடமும் பிரதி இல்லையென்றால் யாருக்கும் சொல்லாமலே எழுதலாம், வீண் சத்தம் மிச்சம்.

சத்தம் என்றேனே, கோர் குறைவாக இருந்தால் மீன் ஏலம் மாதிரி எல்லோருக்கும் கேட்கக் கத்தலாம். கோர் கூடினால் அது சரிவராது. அப்போது எந்த வரி யாரிடம் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைக்கிறார்கள். அதுவும் இலவசமில்லை: 64 கோருக்கு ஆளுக்கொரு பிட் என்றால் ஒவ்வொரு 64 பைட் வரிக்கும் 8 பைட், எட்டில் ஒரு பங்கு, கூடுதலாகப் போகும்.

சரி, நம்ம நிரல். நிரலின் வேகத்தை அளக்கும் லினக்ஸின் பெர்ஃப் கருவியில் சி2சி என்ற கட்டளை, கோர்களுக்கிடையே அடிபடும் வரியைக் காட்டிக் கொடுக்கும். காட்டியது. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கு மட்டுமேயான உள்ளூர் மாறியில் எண்ணிவிட்டு, கடைசியில் ஒரே தடவை கூட்டுமாறு மாற்றினேன். நிரலில் நான்கைந்து வரி எழுதும் வேலை. எண்ணிகளை 64 பைட் இடைவெளியில் தள்ளி வைத்தும் தப்பலாம், ஆனால் ஆப்பிள் எம்1இல் கேச் வரி 128 பைட், அங்கே அந்த இடைவெளி போதாது.

வாடிக்கையாளரிடம் இன்னமும் அதே பழைய மெஷின்தான் ஓடுகிறது.