"எங்க ரத்தமே அப்படித்தான், டாக்டரம்மா"

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு முதல்முறை வந்தபோது சொன்னது இது. "எங்க ஆயாவுக்கு சுகர், அம்மாவுக்கு சுகர், எனக்கும் வந்துடுச்சு. வாயைக் கட்டி என்ன ஆகப்போகுது?" அன்று அவர் எடை 78 கிலோ.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் மரபணு உடம்பில் இருப்பது வேறு, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு. மெஸ்ஸில் ஆர்டர் சீட்டு அடுக்களைக்குப் போகுமே, அப்படி மரபணு எழுதி அனுப்பும் சீட்டுதான் மெசஞ்சர் ஆர்என்ஏ. அதைப் பார்த்துத்தான் செல் புரதம் தயாரிக்கிறது. அந்தச் சீட்டை வழியிலேயே பிடித்து நிறுத்தும், சில நேரம் கிழித்தே போடும் குட்டி மூலக்கூறுதான் மைக்ரோ ஆர்என்ஏ. மரபணு மொழியின் எழுத்துகளில் எண்ணினால், நீளம் சுமார் 22 எழுத்துதான். 1993ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024ல் நோபல் பரிசு கிடைத்தது.

தொப்பைக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கொழுப்புத் திசு இந்த மைக்ரோ ஆர்என்ஏக்களை நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. அவை கல்லீரல் வரை போய் அங்குள்ள மரபணுக்களின் வேலையை மாற்றுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கல்லீரலில் மிகுதியாக உள்ள மைக்ரோ ஆர்என்ஏ-122, அங்கே கொழுப்பு படிந்தவர்களின் ரத்தத்தில் கூடுதலாகத் தென்படுகிறது. சாப்பாட்டை மாற்றி எடை குறைத்தவர்களிடம் இத்தகைய மூலக்கூறுகள் பலவற்றின் அளவு மாறுகிறது.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்க அம்மா கொடுத்ததை மாத்த முடியாதுக்கா, அது வேலை செய்யுற விதத்தை மாத்தலாம்" என்று மட்டும் சொன்னேன். விடியற்காலை 3 மணிக்கே ஏலத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பட்டர் பிஸ்கட். மத்தியானம் பசி தாங்காமல் தட்டு நிறையச் சோறு, எண்ணெயில் பொரித்த மீன். மீனை நிறுத்தச் சொல்லவே இல்லை. சொன்னால் அடுத்த தடவை வரமாட்டார். டீயில் சர்க்கரை போச்சு, பிஸ்கட் இருந்த இடத்தில் அவித்த சுண்டல், சோறு பாதி, மீன் குழம்பில். ஆறு மாதத்தில் 73 கிலோ. மூன்று மாத சராசரிச் சர்க்கரையும் இறங்கியது, மாத்திரையைக் குறைத்தேன். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

போன மாதம் 19 வயது மகளையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் ஃபோனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "ஜீன் டெஸ்ட் எடுத்தா எந்த டயட்னு சொல்லிடுவாங்களாமே, டாக்டர்?" என்று கேட்டாள். அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பிறக்கும்போதே என்ன மரபணு வந்தது என்று அது சொல்லும். நேற்று சாப்பிட்டது அதை எப்படி ஆட்டிவைக்கிறது என்று சொல்லாது. அப்புறம் இஞ்ச் டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி அளந்தேன். 84 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அக்கா டேப்பை எட்டிப் பார்த்தார். "நாளையிலேர்ந்து இவளுக்கும் சேர்த்தே சுண்டல் ஊற வைக்கிறேன்" என்றார்.