அடுத்த கன்சோலுக்கு எத்தனை வாட் போதும்?

கேம் கன்சோலை சர்வீஸுக்குக் கொண்டு வருகிற தம்பிகள் இப்போது கேட்பதெல்லாம், "அண்ணா, பிஎஸ்6-ல எத்தனை டெராஃப்ளாப்ஸ் இருக்கும்?" என்றுதான். பிஎஸ்6 என்பது சோனியின் அடுத்த பிளேஸ்டேஷன்; டெராஃப்ளாப்ஸ் என்பது கிராஃபிக்ஸ் சிப் ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்கிற எண். அந்த எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். 2016-ல் வந்த பிஎஸ்4 ப்ரோவுக்கு 4.2 டெராஃப்ளாப்ஸ். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸுக்கு 4தான். ஆனால் சீரிஸ் எஸ்ஸில் ஓடும் பல கேம்கள் பிஎஸ்4 ப்ரோவுக்கு வரவே இல்லை. காரணம், பிராசசரும், கேமை வேகமாக லோடு செய்யும் எஸ்எஸ்டி சேமிப்பகமும். பிஎஸ்5-ல் 10.28 ஆக இருந்தது பிஎஸ்5 ப்ரோவில் 16.7 ஆனது. எண் 60 சதவீதத்துக்கு மேல் ஏறியும், காட்சிகளை வரையும் வேகம் 45 சதவீதம் வரை கூடும் என்றுதான் சோனியே சொன்னது.

என்னைக் கேட்டால், வாட்டைக் கேளுங்கள் என்பேன். உள்ளே போகிற மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். அதன் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறை மதியத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கோடையில் "விளையாடிட்டிருக்கும்போதே ஆஃப் ஆகுது" என்று வருகிற மெஷின்களைத் திறந்தால், சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வெளியே வராது. பழைய மெஷின் என்றால் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிரும்.

வெப்பத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது. 2005-ல் வந்தது. சூடாகி ஆறி, மறுபடி சூடாகி, சிப்பின் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷின் போச்சு என்று அர்த்தம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மூன்று வருட வாரண்டி தந்து, 100 கோடி டாலருக்கு மேல் செலவு என்று கணக்கில் எழுதியது.

அதனால் அடுத்த தலைமுறை 200 வாட்டைத் தாண்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 150-க்குள் அடக்கினால் இன்னும் நல்லது. தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் 200 வாட்டுக்கே மாதம் 18 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 36; இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும். விலையும் பழையபடி இல்லை. வருடம் ஆக ஆக கன்சோல் மலிவாகும் என்று காத்திருந்தோம். 499 டாலருக்கு வந்த பிஎஸ்5-க்கு அமெரிக்காவிலேயே 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள்.

அந்த வாட்டுக்குள் என்ன செய்ய முடியும்? நிறையவே. 4கே படத்தில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டியதில்லை. 1440பி என்கிற சிறிய அளவில் 37 லட்சத்தை வரைந்து, மிச்சத்தை ஏஐ அப்ஸ்கேலிங்கிடம், அதாவது சிறிய படத்தைப் பெரிதாக்கி நிரப்பும் உத்தியிடம், விடலாம். பிஎஸ்5 ப்ரோவும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ம் ஏற்கனவே அந்த வழியில்தான் போகின்றன. 8கே வேண்டவே வேண்டாம். அதற்கு 3.3 கோடி பிக்சல். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் பணத்தை மெமரியில் போடட்டும். 16 ஜிபி இப்போதே இறுக்கிப் பிடிக்கிறது.

இப்போது கையில் இருக்கும் மெஷினை டிவி கேபினட்டின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். பின்பக்கம் ஒரு சாண் இடமாவது விடுங்கள். பிஎஸ்5-ன் பக்கவாட்டு மூடியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கழற்றலாம், உள்ளே தூசி சேர இரண்டு துளைகள் உண்டு. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே வாக்யூம் வைத்தால் போதும். ஹீட் சிங்க்கை மட்டும் வீட்டில் கழற்ற வேண்டாம். அதில் இருப்பது திரவ உலோகம், மின்சாரம் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் போர்டு ஷார்ட் ஆகிவிடும்.