குருட்டுத் தேர்வா, முகமறியாத் தேர்வா?

அமெரிக்காவின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்கள் தம் கலைஞர்களை ஆளைப் பார்க்காமல் வாசிப்பை மட்டும் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற விவாதம் தமிழில் எழுதப்படும்போதெல்லாம் ‘குருட்டுத் தேர்வு’ என்றொரு தொடர் தவறாமல் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் ஆடிஷன்’ என்றிருப்பதைப் பார்த்து, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. இந்தத் தொடரோடு அந்த விவாதத்துக்குள் நுழையும் வாசகர், எந்தத் தரப்பு எதைக் காக்கப் பார்க்கிறது, எதை மாற்றக் கேட்கிறது என்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

முதலில் சொற்பிறப்பு. ‘ஆடிஷன்’ என்பது கேட்டல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் சங்கீதக்காரர்கள் ‘கேள்விஞானம்’ என்று சொல்லும்போது ‘கேள்வி’ எந்தப் பொருளில் வருகிறதோ, ஏறத்தாழ அதுவே இங்கும் பொருள். ‘பிளைண்ட்’ என்பதற்குக் கண் தெரியாத என்பது முதற்பொருள். பார்க்காமல் செய்யப்படுகிற என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். இரண்டும் சேர்ந்து, ஆளைப் பார்க்காமல் வாசிப்பை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குறிக்கின்றன.

அந்த முறை இப்படி நடக்கிறது. விண்ணப்பித்தவர் மேடையில் வாசிக்க, தேர்வுக்குழுவினர் திரைக்கு அப்பால் அமர்ந்து கேட்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெயரன்று, ஓர் எண் மட்டுமே. குதிகாலணியின் ஓசை பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மேடையில் விரிப்பு போடுவதும், காலணியைக் கழற்றச் சொல்வதும் உண்டு. விண்ணப்பித்தவர் வாய் திறப்பதில்லை. ஐயம் இருந்தால் அருகில் நிற்கும் அலுவலரிடம் மெல்லச் சொல்ல, அவர் குழுவினரைக் கேட்டுச் சொல்வார். ஒருவருடைய பெயர், பால், நிறம், ஆசிரியர் எதுவும் தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கவனம்.

இத்தனை கவனத்தோடு செய்வதற்குக் ‘குருட்டு’ என்று அடைமொழி கொடுப்பது என்ன நியாயம்? தமிழில் இந்தச் சொல் பெயருக்கு முன் வந்தால் என்ன பொருள் தரும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். குருட்டு அதிர்ஷ்டம் என்றால் காரணமின்றி வாய்த்தது. குருட்டு நம்பிக்கை என்றால் யோசனையற்றது. குருட்டுப் பாடம் என்றால் பொருள் விளங்காமல் உருப்போட்டது. குருட்டாம்போக்கு என்றால் கண்டபடி செய்வது. ஆக, குருட்டுத் தேர்வு என்று படிக்கும் தமிழ் மனம், குலுக்கல் முறையில் யாரையோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எண்ணும். சின்னச் சின்ன வேறுபாடுகளைக் காதால் பிரித்தறியும் கடுமையான முறைக்கு, எதையும் பிரித்தறியாத முறை என்று பெயர் சூட்டியாகிவிட்டது. பார்வைக் குறையுள்ளோரைப் புண்படுத்தும் சொல் என்பது தனியே நிற்கும் மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்புக்குப் பயந்து சிலர் ‘பார்வையற்ற தேர்வு’ என்று மாற்றியபோது பொருள் இன்னும் கெட்டது. பார்வையற்றோருக்கு நடத்தும் தேர்வு என்றே அதைப் படிக்க முடியும்.

வேறு சில முயற்சிகளையும் விரைவாகத் தள்ளிவிடலாம். ‘கண்கட்டித் தேர்வு’ என்றால் கண்கட்டு வித்தை நினைவுக்கு வருகிறது; நேர்மைக்காகச் செய்வது மோசடி போல ஒலிக்கிறது. ‘திரைத் தேர்வு’ என்றால் சினிமாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வரிசையில் நிற்க ஆள் வந்துவிடும். ‘வாசிப்புத் தேர்வு’ நாதஸ்வரக்காரருக்கும் வயலின்காரருக்கும் விளங்கும். மற்றவர்கள் நூல் வாசிப்பு என்று எண்ணுவார்கள்.

மொழி அறிந்தவர்கள் சிலர் பரிந்துரைக்கும் சொல் ‘திரைமறைவுத் தேர்வு’. திரை இருக்கிறது, மறைவும் இருக்கிறது. ஓசையும் நன்றாக அமைகிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டும். திரைமறைவு என்ற சொல்லைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் எதற்குப் பயன்படுத்தி வருகின்றன? திரைமறைவுப் பேரம், திரைமறைவுச் சதி, திரைமறைவு வேலை. ஊருக்குத் தெரியாமல், வேண்டியவர்களுக்குள் முடித்துக்கொள்ளும் காரியமே திரைமறைவு. அமெரிக்க இசைக்குழுக்களில் திரை எந்த நோய்க்கு மருந்தாக வந்ததோ, அந்த நோயின் பெயரை மருந்துக்கு வைக்கிறது இச்சொல்.

திரைக்கு முந்தைய காலத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இசைக்குழுவில் இடம் காலியானால் இசை இயக்குநர் தாம் அறிந்த ஆசிரியர்களிடம் சொல்வார்; அவர்கள் தம் மாணவர்களை அனுப்புவார்கள்; அவர்களுள் ஒருவர் அமர்த்தப்படுவார். அமர்த்தப்பட்டவர் ஏறத்தாழ எப்போதும் வெள்ளையின ஆண். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952இல் திரையிட்டுத் தேர்வு நடத்திப் பார்த்தது; பிற குழுக்களில் பெரும்பாலானவை 1970களிலும் அதன் பின்னருமே அவ்வழிக்கு வந்தன. இடையில், 1969இல், ஆர்ட் டேவிஸ் என்ற டபுள் பாஸ் கலைஞரும் ஏர்ல் மேடிசன் என்ற செல்லோ கலைஞரும் தாங்கள் கறுப்பினத்தவர் என்பதால் ஒதுக்கப்பட்டதாக நியூயார்க் பில்ஹார்மோனிக் மீது நகர மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார்கள். நிலையான பணியிடங்களைப் பொறுத்தவரை தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. ஆனால் மாற்றுக் கலைஞர்களையும் கூடுதல் கலைஞர்களையும் அழைப்பதில், தெரிந்தவர்களே தெரிந்தவர்களை அழைத்துக்கொள்ளும் வழக்கம் பாகுபாடாகச் செயல்பட்டது என்று ஆணையம் கண்டது. நல்ல தமிழில் அதைத்தான் திரைமறைவுத் தேர்வு என்று சொல்ல வேண்டும். திரை தொங்கிய பிறகு அந்த மறைவு வேலை குறைந்தது. ஒரே சொல்லை இரண்டுக்கும் எழுதினால் ‘1970களில் திரைமறைவுத் தேர்வு ஒழிந்து திரைமறைவுத் தேர்வு வந்தது’ என்றல்லவா வரலாறு எழுத வேண்டியிருக்கும்!

திரை என்ற பொருளைச் சொல்லின் மையமாக்குவதிலேயே ஒரு குறை இருக்கிறது. 1980இல் மியூனிக் பில்ஹார்மோனிக் தன் தலைமை டிராம்போன் இடத்துக்குத் தேர்வு நடத்தியபோது, அபி கோனன்ட் என்ற கலைஞருக்கு வந்த அழைப்புக் கடிதமே அவரை ஆணாகக் கருதி எழுதப்பட்டிருந்தது. அவர் திரைக்குப் பின்னிருந்து வாசித்து வென்றார். பெண் என்று தெரிந்த பின் என்ன நடந்தது என்பது பலரும் அறிந்த கதை: இசை இயக்குநர் செலிபிடாக்கே அவரை அந்த இடத்தில் வைத்திருக்க விரும்பவில்லை, 1982இல் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டார், தன் இடத்துக்காகவும் சம ஊதியத்துக்காகவும் பல ஆண்டுகள் வழக்காடி வென்றார். அங்கே திரையின் துணி எந்த வேலையையும் தனியாகச் செய்துவிடவில்லை. கேட்பவருக்கு ஆள் இன்னார் என்று தெரியாமல் இருந்தது; அந்த அறியாமை நீங்கியதும் பழைய எண்ணம் திரும்பிவிட்டது. பெயரிட வேண்டியது அந்த அறியாமைக்கே.

எனவே நான் முன்வைப்பது ‘முகமறியாத் தேர்வு’. வேலைக்கு ஆளெடுக்கும் முறைகளில் நேர்முகத் தேர்வு என்ற சொல் தமிழில் ஊன்றிவிட்டது. ஆளை எதிரில் அமர்த்திப் பார்த்து எடுப்பது அது. ஆளைப் பார்க்காமல் எடுப்பது முகமறியாத் தேர்வு. இரண்டும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. முகம் மட்டுந்தானா, பெயரும் பாலும் இனமும் மறைக்கப்படுகின்றனவே என்று கேட்கலாம். ‘முகந்தெரியாத ஊரில்’, ‘முகமறியா நண்பர்’ என்றெல்லாம் சொல்லும்போது மூக்கையும் கண்ணையுமா குறிக்கிறோம்? யார், எவர் என்ற அடையாளம் முழுவதையும் முகம் என்ற சொல் தமிழில் தாங்குகிறது. தேர்வு எப்படி அறியும், அறிய வேண்டியவர் தேர்வாளர் அல்லவா என்ற இலக்கணத் தடையும் எழலாம். தூங்கா இரவில் இரவா தூங்காமல் இருக்கிறது? நம் பெயரெச்சம் அந்த உறவைத் தாராளமாக ஏற்கும். இதே வாதத்தால் குருட்டுத் தேர்வையும் காப்பாற்றலாமே என்பவருக்கு, அச்சொல்லின் குற்றம் இலக்கணத்தில் இல்லை, வழக்கில் இருக்கிறது என்பதே விடை. இந்தச் சொல் ‘பிளைண்ட்’ வரும் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிக்கப்படும் மருந்து ஆய்வில் மறைக்கப்படுவது முகமன்று, எவருக்கு எந்த மருந்து என்ற செய்தி; அதற்கு மறைப்பு என்ற சொல்லை அடிப்படையாகக் கொண்டு வேறு தொடர்தான் அமைக்க வேண்டும்.

விவாதத்தின் இன்றைய நிலையைச் சொல்லிப் பார்த்தால் சொல்லின் பயன் தெரியும். பல குழுக்களில் முதற்சுற்று முகமறியாத் தேர்வாக நடக்கிறது; இறுதிச் சுற்றில் திரை எடுக்கப்படுகிறது; பிறகு தகுதிகாண் காலத்தில், சக கலைஞர்கள் நேருக்கு நேர் பார்த்தே நிரந்தரமாக்குகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா இசைக்குழுவில் இறுதிச் சுற்றிலும் திரை உண்டு. 2020 ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஆந்தனி டொமாசினி, திரையை நீக்க வேண்டும் என்று எழுதினார். உச்ச நிலையில் போட்டியிடுவோரிடையே திறமை வேறுபாடு மிகக் குறைவு, அப்படியிருக்க இசைக்குழு தன் நகரத்தைப் போலத் தோன்ற வேண்டுமானால் தேர்வாளர் ஆளை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் அப்போது இருந்த ஒரே கறுப்பினக் கலைஞர் தலைமை கிளாரினெட் வாசிக்கும் ஆந்தனி மகில். நாடு முழுவதும் 2014இல் எடுத்த கணக்கில் இசைக்குழுக் கலைஞர்களுள் கறுப்பினத்தவர் 1.8 விழுக்காடு, லத்தீனோ எனப்படும் லத்தீன் அமெரிக்க மரபினர் 2.5 விழுக்காடு. எதிர்த்தவர்களோ, முறை போதிய அளவுக்கு முகமறியாததாக இல்லை என்பதே குறை, இறுதிவரை திரை இருக்கட்டும், பிள்ளைப் பருவப் பயிற்சியிலும் கருவி வாங்கும் வசதியிலும் உள்ள ஏற்றத்தாழ்வைத் திரை தீர்க்காது, திரையைக் கிழிப்பதாலும் தீராது என்றார்கள். நானும் இந்தப் பக்கமே சாய்கிறேன். இதைக் குருட்டுத் தேர்வு என்ற சொல்லில் எழுதிப் பாருங்கள்: ‘குருட்டுத் தேர்வைக் கைவிட வேண்டும்’ என்றால் எந்தத் தமிழ் வாசகர் மறுப்பார்? விவாதம் தொடங்கும் முன்பே ஒரு தரப்பு சொல்லாலேயே தோற்றுப்போகிறது.

பொருளியலாளர்கள் கிளாடியா கோல்டினும் செசிலியா ரவுசும் 2000இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கித் தருவோரும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். அமெரிக்காவின் ஐந்து முதன்மை இசைக்குழுக்களில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள் 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 25 விழுக்காடு ஆனார்கள். அதில் ஒரு பங்கு திரைக்கு உரியது என்று அவர்கள் கணித்தார்கள். அரையிறுதிச் சுற்றில் முடிவு வேறு திசையில் சென்றதையும் அதே கட்டுரை காட்டியது. தரவு குறைவு, பிழை வரம்பு அகலம் என்று பின்னாளில் புள்ளியியலாளர் சிலர் குறை கூறினார்கள். தமிழ்ச் சுருக்கங்களில் இந்த நுணுக்கமெல்லாம் ‘குருட்டுத் தேர்வால் பெண்கள் வேலை பெற்றனர்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் படித்தால், தகுதி பார்க்காமல் கொடுத்தார்கள் என்று தொனிக்கிறது.

இன்னொரு சொற்குழப்பமும் இதனுடன் ஒட்டிக்கொண்டு திரிகிறது. பணியமர்த்தலில் பன்மை வேண்டும் என்ற கொள்கைகளை மொழிபெயர்ப்பாளர்கள் கைப்பழக்கத்தில் ‘இடஒதுக்கீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். இடஒதுக்கீடு என்றால் நமக்கு இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று சட்டத்தால் வரையறுத்த பங்கு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம் பார்த்து வேலை தருவதையோ மறுப்பதையோ தடுக்கிறது; பல்கலைக்கழகச் சேர்க்கையில் எண்ணிக்கை ஒதுக்குவதை 1978இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அங்கே இசைக்குழுக்கள் செய்வது வேறு. 1997இல் தொடங்கிய ஸ்பிங்க்ஸ் அமைப்பு கறுப்பின, லத்தீனோ இளம் கலைஞர்களை வளர்க்கிறது; 2018இல் அது பிற அமைப்புகளுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம் தேர்வுக்குப் போகும் பயணச் செலவையும் பயிற்சியையும் தருகிறது. 1989இல் டெட்ராய்ட் சிம்பொனியில், கறுப்பினக் கலைஞர் ஒருவர்தான் இருக்கிறார் என்று மிச்சிகன் சட்டமன்ற உறுப்பினர்கள் மானியத்தை நிறுத்தி நெருக்க, ரிக் ராபின்சன் என்ற டபுள் பாஸ் கலைஞர் முகமறியாத் தேர்வு இன்றி அமர்த்தப்பட்டார். அதைக்கூட நெருக்கடி நியமனம் என்று சொல்லலாமே தவிர இடஒதுக்கீடு என்று சொல்ல இயலாது. நம் ஊர்ச் சண்டையின் சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்ததும், வாசகர் தம் ஊரில் எந்தப் பக்கமோ அங்கும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். ‘பன்முகத்தன்மை’ என்ற சொல்லும் எனக்கு நிறைவளிப்பதில்லை. பாடகராகவும் ஓவியராகவும் விளங்கும் ஒரே ஆளைப் பன்முகக் கலைஞர் என்கிறோம். பலர் பல வகையினராக இருப்பதற்குப் பல்வகைமை என்ற சொல் இருக்கிறது, அதையே ஆளலாம்.

எழுதுவோர் கவனத்துக்கு ஒன்று. ‘முகமறியா தேர்வு’ என்று ஒற்றில்லாமல் எழுதக் கூடாது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். ஒற்று உறுத்துகிறது என்பவர்கள் ‘முகமறியாத தேர்வு’ என்று ஈறு கெடாமல் எழுதிக்கொள்ளலாம், அங்கே மிகாது.